வாசகர் கேள்வி – பதில்: நீள்வட்டத் தடத்தில் ஐந்நூறு மைல்

டேட்டோனா 500 என்றால் என்னவென்று சென்ற இதழில் கேட்டிருந்த வாசகருக்கு, அது அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆண்டுதோறும் பெப்ரவரி மாதத்தில் நடைபெறும் ஸ்டொக் கார் பந்தயம் என்றும், அவ்வகைப் பந்தயங்களை நாஸ்கார் என்னும் அமைப்பு நடத்துகிறது என்றும் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தோம். அந்தச் சுருக்கம் போதாது என்று மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்றை ஒன்று தொட்டுச் செல்லும் நல்ல கேள்விகள் என்பதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஒரே தடத்தை 200 தடவை சுற்றி வருவதில் அப்படி என்ன திறமை இருக்கிறது? மலைப்பாதையில் பஸ் ஓட்டும் சாரதிக்கு இதைவிடக் கூடிய திறமை வேண்டுமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உப்புவெளி

பதில்: ஐயா, இந்தப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் எவருக்கும் முதலில் எழுகின்ற சந்தேகம் இதுதான். கமரா உயரத்திலிருந்தும் தொலைவிலிருந்தும் காட்டுவதால் தடத்தின் சரிவு நமது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. டேட்டோனாவின் வளைவுகள் 31 பாகை சரிந்தவை. ஒருவர் நிமிர்ந்தபடி அவற்றில் நடந்து ஏறுவதே சிரமம். கார்னிவலில் மரணக் கிணற்றுச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை உடனே விளங்கும். வேகம் இருக்கும்வரை சுவரே வாகனத்தைத் தாங்கிக்கொள்கிறது.

அந்த வளைவின் ஆரை ஏறத்தாழ 300 மீற்றர். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் அதைச் சுற்றுகின்ற காரைத் தடத்தை விட்டு விலகாமல் வைத்திருப்பதற்கு, காரின் நிறையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான விசை மையத்தை நோக்கித் தொழிற்பட வேண்டும். தட்டையான தரையில் அந்த விசை முழுவதையும் டயரின் பிடிமானமே கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கார்களின் டயர்களால் அது இயலாத காரியம். தரை சரிந்திருக்கும்போது, தரை காரைத் தாங்குகின்ற விசையின் ஒரு பகுதி உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வேகத்தில் சரிவு ஒன்றே காரைத் திருப்பப் போதுமானது. அதற்கு மேற்பட்ட வேகத்துக்குத்தான் டயர் உழைக்கிறது.

இனித் திறமையைப் பற்றிச் சொல்கிறேன். 200 சுற்றுகள் என்றால் 500 மைல், அதாவது 805 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஒரே மூச்சில் மூன்று தடவை போகின்ற தூரம். அதைச் சாரதி ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலத்தில், 50 பாகை செல்சியசையும் தாண்டக்கூடிய வெப்பத்தில், தனக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் ஒரு முழ இடைவெளியில் பிற கார்கள் ஓடிக்கொண்டிருக்க, ஓட்டி முடிக்கிறார். முன்னைய சுற்றைப் போல அடுத்த சுற்று இருப்பதில்லை. பெற்றோல் எரிய எரியக் காரின் பாரம் குறைகிறது, டயர் தேயத் தேயப் பிடிமானம் மாறுகிறது, வெயில் ஏறினால் தடத்தின் மேற்பரப்பு வழுக்கத் தொடங்குகிறது, முகில் மறைத்தால் மீண்டும் பிடிக்கிறது. போன சுற்றில் சரியாக இருந்த கோடு இந்தச் சுற்றில் அரை அடி பிழைத்துப்போகிறது என்பதை உடம்பால் உணர்ந்து திருத்துவதே அங்கு திறமை.

எல்லா நீள்வட்டத் தடங்களும் டேட்டோனாவைப் போன்றவையும் அல்ல. வேர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்வில் தடம் ஏறத்தாழ 850 மீற்றர் மட்டுமே சுற்றளவு கொண்டது. வளைவுகளில் சரிவும் குறைவு. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால், மாலை இருட்டும் வேளையில் சில்லுகளுக்குள் பிரேக் தட்டுகள் சிவந்து ஒளிர்வதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். தென் கரோலினாவின் டார்லிங்டனில் வேகமான பாதை வெளிச்சுவரை ஒட்டியே அமைந்திருக்கிறது. பந்தயம் முடியும்போது பெரும்பாலான கார்களின் வலப்பக்கத்தில் சுவர் உரசிய நீண்ட கீறல் ஒன்று இருக்கும். மலைப்பாதைச் சாரதியின் திறமையை நானும் மதிக்கிறேன் ஐயா. ஆனால் இது வேறு வகையான பொறுமையைக் கேட்கின்ற தொழில்.

கேள்வி: ஸ்டொக் கார் என்றால் கடையில் விற்கின்ற கார் என்று சொல்கிறார்கள். அப்படியென்றால் எங்கள் கராஜுக்கு வருகின்ற டொயோட்டாவும் அங்கே ஓடுகின்ற டொயோட்டாவும் ஒன்றா?
– வாகனத் திருத்துநர் ஒருவர், சீனக்குடா

பதில்: தொடக்கத்தில் ஒன்றாகத்தான் இருந்தது, இன்று பெயரும் முகத்தோற்றமும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், மலைப்பகுதிகளில் காய்ச்சிய கசிப்பை இரவோடிரவாக நகரங்களுக்குக் கடத்தியவர்கள், பொலிஸாரிடமிருந்து தப்புவதற்காகச் சாதாரணக் கார்களின் இயந்திரத்தையும் வில்களையும் பலப்படுத்தி வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் ஓய்வு நாட்களில் யாருடைய கார் வேகமானது என்று மண் தடங்களில் ஓடிப் பார்த்தார்கள். ஒழுங்கில்லாமல் நடந்துகொண்டிருந்த அந்தப் பந்தயங்களைப் பொது விதிகளின் கீழ் கொண்டுவருவதற்காகப் பில் பிரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் டேட்டோனா பீச்சில் ஒரு ஹோட்டலில் கூட்டம் கூட்டினார். 1948 பெப்ரவரியில் நாஸ்கார் முறைப்படி தொடங்கப்பட்டது.

1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரில் நடந்த, நாஸ்காரின் இன்றைய தலைமைப் பிரிவின் முதலாவது பந்தயத்தின் முடிவு உங்களைப் போன்ற தொழில்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்தபின் காரைப் பரிசோதித்தவர்கள், பாரம் ஏற்றிக்கொண்டு வேகமாக ஓடுவதற்காக அதன் பின் வில்கள் மாற்றியமைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து, வெற்றியைப் பறித்து இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். விதியின் ஓரத்தில் நின்று வேலை செய்யும் மெக்கானிக்குக்கும், அளவுகோலோடு வருகின்ற பரிசோதகருக்கும் இடையில் அன்று தொடங்கிய இழுபறி இன்றுவரை ஓயவில்லை.

இப்போது ஓடுபவை 2022 இல் அறிமுகமான வடிவம். உருக்குக் குழாய்க் கூடு, அதன் மேல் கலப்புப் பொருளாலான உடல், 5.86 லீற்றர் வி-8 இயந்திரம், ஐந்து முன் கியர்கள். செவர்லே, ஃபோர்ட், டொயோட்டா ஆகிய மூன்று நிறுவனங்களின் முகப்புகள் வேறுபட்டாலும் உள்ளே பெரும்பாலான பாகங்கள் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவானவை. கதவு கிடையாது, சாரதி யன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குகிறார். முன்விளக்குகளாகத் தெரிபவை ஒட்டப்பட்ட படங்கள். பெற்றோல் மானியும் இல்லை. எத்தனை சுற்றுக்கு எரிபொருள் போதும் என்பதைக் குழுவினர் கணக்கிட்டுச் சொல்கிறார்கள், அந்தக் கணக்குப் பிழைத்து இறுதிச் சுற்றில் கார் நின்றுபோன சம்பவங்கள் பல. சில்லை ஐந்து நட்டுகள் பிடித்திருந்த பழைய முறையும் போய், நடுவில் ஒரே பெரிய நட்டு வந்துவிட்டது. உங்கள் கராஜுக்கு வருகின்ற காருக்கும் அதற்கும் பொதுவானது டொயோட்டா என்ற பெயர் மாத்திரமே.

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். இரண்டு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஓடினால், தனியாக ஓடும் காரைவிட இரண்டுமே வேகமாகப் போகும் என்று வாசித்தேன். பின்னால் போகிறவருக்கு நன்மை என்பது விளங்குகிறது. முன்னால் போகிறவருக்கு என்ன நன்மை?
– மாணவி, மூதூர்

பதில்: தங்கச்சி, நல்ல இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். வேகமாக ஓடும் கார் இரண்டு வகையில் வளியோடு போராடுகிறது. முன்புறத்தில் வளியைத் தள்ளிப் பிளக்கிறது. அதை அனைவரும் அறிவார்கள். பின்புறத்தில், கார் விட்டுச்சென்ற இடத்தை வளி உடனடியாக நிரப்ப முடியாமற் போவதால், அமுக்கம் குறைந்த, சுழிப்பு நிறைந்த ஒரு பகுதி உண்டாகி, அது காரைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே வருகிறது. இன்னொரு கார் பின்னால் நெருங்கி ஒட்டும்போது, அந்தப் பகுதியில் அது புகுந்துவிடுவதால் முன்காரின் பின்னிழுப்புக் குறைகிறது. பின்காரோ பிளக்கப்பட்ட வளியில் ஓடுவதால் முன்புற எதிர்ப்பிலிருந்து தப்புகிறது. இரண்டும் சேர்ந்து நீளமான ஒரே வாகனத்தைப் போல வளிக்குத் தோன்றுகின்றன. நாற்பது கார்கள் வரிசை கட்டினால் அந்த வரிசை தனிக்கார் எதையும் துரத்திப் பிடித்துவிடும்.

பந்தயச் சாரதி ஜூனியர் ஜோன்சன் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1960 ஆம் ஆண்டு டேட்டோனாவில் அவருடைய செவர்லே, எதிரிகளின் பொன்டியாக் கார்களைவிடத் தெளிவாகவே வேகம் குறைந்ததாக இருந்தது. பயிற்சியின்போது ஒரு பொன்டியாக்கின் பின்னால் ஒட்டிக்கொண்டபோது தன் கார் அதனோடு சமமாக ஓடுவதைக் கண்ட அவர், பந்தயத்தில் அதையே திட்டமாக்கி வெற்றி பெற்றார். மெதுவான காரை வைத்துக்கொண்டு வென்ற அந்த ஓட்டத்தை, இந்தப் பந்தயத்தின் வரலாற்றில் மிகச் சிறந்த சிந்தனையாகவே நான் கருதுகிறேன்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. பின்காரின் முகப்புக்குக் குளிர்ந்த வளி போதியளவு வராததால் அதன் இயந்திரம் சூடேறுகிறது. இடையிடையே வரிசையை விட்டு விலகி மூச்சு வாங்கவேண்டும். வளைவில் பின்கார் மிக நெருங்கினால், முன்காரின் பின்பகுதியைத் தரையோடு அழுத்தி வைத்திருக்கும் வளியோட்டம் குலைந்து, தொடாமலேயே முன்கார் சுழன்றுவிடக்கூடும். முந்துவதற்காக வரிசையை விட்டு வெளியே வருபவரும் தனியாக வந்தால் பயனில்லை; பின்னால் இன்னொருவர் துணையாக வராவிட்டால் அவர் பத்து, பதினைந்து இடங்கள் பின்னுக்குப் போய்விடுவார். ஆகவே 480 மைல் வரை துணையாக இருப்பவரை இறுதி 20 மைலில் கைவிட வேண்டிவரும். யாரை எப்போது நம்புவது என்பதுதான் அந்த மூன்றரை மணித்தியாலக் கணக்கு.

வேகத்துக்குக் கட்டுப்பாடு வந்த கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1987 இல் அலபாமா மாநிலத்தின் டலடேகா தடத்தில் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல், அதாவது ஏறத்தாழ 342 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினார். அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அதே வார இறுதிப் பந்தயத்தில் பொபி அலிசனின் டயர் வெடித்து, கார் பின்புறமாகத் திரும்பி மேலெழுந்து, பார்வையாளர்களைக் காக்கும் வேலியைக் கிழித்துக்கொண்டு போனது. பார்வையாளர் சிலர் காயமடைந்தார்கள். கார் முழுவதுமாக வேலியைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உணர்ந்த நாஸ்கார், 1988 முதல் டேட்டோனாவிலும் டலடேகாவிலும் இயந்திரத்துக்குள் செல்லும் வளியைக் குறைக்கும் துளைத்தகட்டைக் கட்டாயமாக்கியது. எல்லாக் கார்களும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டதால் அவை கூட்டமாகவே ஓடுகின்றன என்பதும், ஒருவர் தடுமாறினால் இருபது கார்கள் சேர்ந்து மோதுகின்றன என்பதும் அதன் விளைவு. அதைக் குறைசொல்பவர்கள் பலர். பார்வையாளரின் உயிரா, பந்தயத்தின் அழகா என்று வந்தபோது எடுக்கப்பட்ட அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து.

கேள்வி: நான் வைத்தியசாலையில் பணிபுரியும் தாதி. வீதி விபத்துகளில் வருகின்ற இளைஞர்களைப் பார்த்துப் பார்த்து மனம் கனத்துப்போனவள். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் கொங்கிறீட் சுவரில் மோதுவதை விளையாட்டு என்று எப்படி ஏற்றுக்கொள்வது?
– வாசகி ஒருவர், திருகோணமலை நகர்

பதில்: அக்கா, உங்கள் கேள்விக்குரிய பாரம் எனக்கு விளங்குகிறது. இந்த விளையாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. 2000 ஆம் ஆண்டில் மட்டும் நாஸ்காரின் வெவ்வேறு பிரிவுகளில் ஆடம் பெட்டி, கெனி இர்வின், டோனி ரோப்பர் ஆகிய மூன்று சாரதிகள் இறந்தார்கள். ஆடம் பெட்டிக்கு வயது 19. அடுத்த ஆண்டு, 2001 பெப்ரவரி 18 அன்று, டேட்டோனா 500 பந்தயத்தின் இறுதிச் சுற்றின் இறுதி வளைவில், ஏழு தடவை சம்பியனான டேல் எர்ன்ஹார்ட்டின் கார் வெளிச்சுவரில் மோதியது. பார்ப்பதற்கு அது பெரிய விபத்தாகவே தெரியவில்லை. கார் உருளவுமில்லை, எரியவுமில்லை. ஆனால் அவர் உயிர் பிழைக்கவில்லை.

காரணத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பட்டி உடம்பைப் பிடித்துக்கொள்கிறது, தலையை எதுவும் பிடித்துக்கொள்வதில்லை. தலைக்கவசத்தின் பாரமும் சேர்ந்துகொள்ள, தலை முன்னோக்கி வீசப்படும்போது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. இதைத் தடுக்கும் சாதனம் அப்போதே இருந்தது என்பதுதான் வேதனை. மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பொறியியல் பேராசிரியர் ரொபர்ட் ஹபர்ட், தன் மைத்துனரும் பந்தயச் சாரதியுமான ஜிம் டௌனிங்குடன் சேர்ந்து 1980களிலேயே அதை உருவாக்கியிருந்தார். தோளின் மேல் கழுத்துப்பட்டை போல அமர்ந்து, இருக்கைப் பட்டியின் கீழ் அழுந்தி நின்று, இரண்டு நாடாக்களால் தலைக்கவசத்தைப் பிடித்திருக்கும் எளிமையான சாதனம். அசௌகரியமாக இருக்கிறது என்று பெரும்பாலான சாரதிகள் அதை அணிய மறுத்துவந்தார்கள். 2001 ஒக்டோபரில் நாஸ்கார் அத்தகைய சாதனத்தைக் கட்டாயமாக்கியது.

சுவரும் மாறியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் தலைமையிலான பொறியியலாளர்கள், கொங்கிறீட் சுவருக்கு முன்னால் உருக்குக் குழாய்களாலான இன்னொரு சுவரை நிறுத்தி, இரண்டுக்கும் இடையில் நுரைப் பாளங்களை வைத்தார்கள். கார் மோதும்போது முன்சுவர் சற்று உள்வாங்கி, மோதலின் நேரத்தை நீட்டிக் கொடுக்கிறது. நேரம் நீளும்போது உடம்பில் விழும் விசை குறைகிறது. 2002 மே மாதத்தில் இண்டியானாபொலிஸ் தடத்தில் முதன்முதலாக அமைக்கப்பட்ட அந்தச் சுவர், பின்னர் பெரிய நீள்வட்டத் தடங்கள் எல்லாவற்றுக்கும் போனது. இதற்கு முன்பே, 1994 இல், கார் பின்புறமாகத் திரும்பினால் தானாகவே திறந்து, அது மேலெழாதபடி தடுக்கும் கூரை மடிப்புகள் வந்திருந்தன.

எர்ன்ஹார்ட்டுக்குப் பின் நாஸ்காரின் தலைமைப் பிரிவுப் பந்தயத்தில் எந்தச் சாரதியும் இறக்கவில்லை. 2020 இல் அதே டேட்டோனாவில், அதே இறுதிச் சுற்றில், ரயன் நியூமனின் கார் சுவரில் மோதித் தலைகீழாகி, அந்த நிலையில் இன்னொரு காரால் மோதப்பட்டது. இரண்டு நாட்களின் பின் அவர் தன் இரு மகள்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலையிலிருந்து நடந்து வெளியே வந்தார்.

வேலை முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 2022 இல் வந்த புதிய கார் பின்பக்க மோதலில் அளவுக்கு மிஞ்சி விறைப்பாக இருந்தது. மூளை அதிர்வுக்கு உள்ளான கேர்ட் புஷ் அந்த ஆண்டுடன் முழுநேர ஓட்டத்திலிருந்து விலக நேர்ந்தது; அடுத்த ஆண்டுக்கு முன்னர் காரின் பின்கூடு நசுங்கிக் கொடுக்கும்படி மாற்றப்பட்டது. அடுத்த முறை நீங்கள் ஒரு விபத்தைப் பார்க்க நேர்ந்தால், சாரதியின் பக்க யன்னலில் இருக்கும் வலையைக் கவனியுங்கள். கார் நின்றதும் அவர் அந்த வலையை அவிழ்த்து விழுத்தினால், தனக்கு ஒன்றுமில்லை என்று மீட்புக் குழுவுக்குச் சொல்கிறார் என்று அர்த்தம். வலை விழவில்லை என்றால் அம்புலன்ஸ் முதலில் அங்கேதான் போகும்.

இதை விளையாட்டு என்று ஏற்பதா என்பது உங்கள் முடிவு. ஒவ்வொரு மரணத்தையும் பரிசோதித்து, காரணத்தைக் கண்டு, மறுத்தவர்களையும் அணியவைத்த பின்னரே நான் இதை மனச்சுத்தியோடு பார்க்கிறேன். நமது வீதிகளில் தலைக்கவசத்தின் பட்டியைக்கூட இறுக்காமல் பறக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கில் நூறில் ஒரு பங்கு வாய்த்தாலும் உங்கள் வாட்டுக்கு வருபவர்கள் குறைவார்கள்.

கேள்வி: இடையில் நிறுத்தி டயர் மாற்றும்போது, நான்கு டயரையும் பத்துச் செக்கனில் மாற்றுகிறார்களாமே, உண்மையா? சாரதி வானொலியில் எதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்?
– டயர்க் கடை உரிமையாளர், கிண்ணியா

பதில்: உண்மைதான், நல்ல குழுக்கள் பத்துச் செக்கனுக்குள்ளேயே முடித்துவிடுகின்றன. சுவரைத் தாண்டிக் குதிப்பவர்கள் ஐந்து பேர்: நட்டுக் கழற்றும் இருவர், டயர் தூக்குபவர் ஒருவர், ஜக் அடிப்பவர் ஒருவர், பெற்றோல் ஊற்றுபவர் ஒருவர். பெற்றோலைப் பம்பி அடிப்பதில்லை. பாரமான கானைத் தோளில் தூக்கிச் சாய்த்துப் பிடிக்க, அது தன் பாரத்தாலேயே இறங்குகிறது. பல்கலைக்கழக அணிகளில் அமெரிக்கக் காற்பந்து ஆடிய உடல்வலுவுள்ள இளைஞர்கள் பலர் இந்த வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். முழு வேகத்தில் ஒரு கார் ஒரு செக்கனில் 80 மீற்றருக்கு மேல் ஓடிவிடும் என்பதால், ஒரு நட்டு அரைச் செக்கன் முரண்டு பிடித்தாலும் வெளியேறும்போது சில இடங்கள் பறிபோகும்.

சாரதி பேசுவது பெரும்பாலும் காரின் குணத்தைப் பற்றித்தான். வளைவில் முன்சில்லு திரும்ப மறுத்துக் கார் சுவரை நோக்கி நழுவினால் டைட் என்பார். பின்பகுதி வெளியே வழுக்கிக்கொண்டு முந்தப் பார்த்தால் லூஸ் என்பார். அதற்கேற்பக் குழுவினர் டயர் அமுக்கத்தைச் சற்று மாற்றுவார்கள், அல்லது பின்கண்ணாடிக்கு அருகிலிருக்கும் துளையில் நீண்ட சாவியை விட்டு வில்லின் அழுத்தத்தை ஒரு சுற்றுத் திருப்புவார்கள். எப்போதும் இடப்பக்கமே திரும்புவதால் வலது முன் டயர்தான் எல்லாவற்றையும்விடக் கூடுதலாக வதைபடுகிறது. மேடையின் உச்சியில் நிற்கும் வழிகாட்டி ஒருவரும் அதே வானொலியில் பேசுகிறார். உள்ளே ஒரு கார் வருகிறது, வெளியே ஒரு கார் இருக்கிறது, இப்போது வழி விட்டது என்று அவர் சொல்வதை நம்பித்தான் சாரதி தடம் மாறுகிறார்.

டயரின் மதிப்பை இந்த விளையாட்டு 1950 செப்டெம்பரிலேயே கற்றுக்கொண்டது. டார்லிங்டனில் நடந்த முதலாவது 500 மைல் பந்தயத்தில் 75 கார்கள் ஓடின. வேகமான கார்கள் டயர் வெடித்து வெடித்து நின்றுகொண்டிருக்க, ஜொனி மான்ட்ஸ் என்பவர் சிறிய பிளிமத் கார் ஒன்றில் லொறிகளுக்குரிய கடினமான டயர்களைப் பூட்டிக்கொண்டு, ஆறுதலாக ஓடி வென்றார்.

கேள்வி: கறுப்பினத்தவர்களும் பெண்களும் இதில் ஓடுகிறார்களா?
– பல்கலைக்கழக மாணவர், நிலாவெளி

பதில்: ஓடுகிறார்கள், ஆனால் வழி இலகுவாக இருக்கவில்லை. வேர்ஜீனியாவைச் சேர்ந்த வென்டல் ஸ்கொட் தன் காரைத் தானே திருத்தி, தானே ஓட்டிக்கொண்டு, இனவெறுப்பையும் தாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் நகரில் அவர் வென்றபோது, நடத்தியவர்கள் வெற்றிக்கொடியை அவருக்குக் காட்டாமல் பக் பேக்கர் என்பவரை வெற்றியாளராக அறிவித்துக் கிண்ணத்தையும் கொடுத்துவிட்டார்கள். பார்வையாளர்கள் எல்லோரும் கலைந்துபோன பிறகே கணக்கில் பிழை என்று ஒப்புக்கொண்டு வெற்றியை ஸ்கொட்டின் பெயரில் பதிந்தார்கள். 1990 இல் அவர் இறந்தார். கிண்ணம் குடும்பத்தவரின் கைக்கு வந்தது 2021 இல். 58 ஆண்டுத் தாமதத்தை எந்த விழாவும் ஈடுசெய்யாது. அதே 2021 ஒக்டோபரில் பப்பா வொலஸ் டலடேகாவில் வென்று, ஸ்கொட்டுக்குப் பின் தலைமைப் பிரிவில் வென்ற கறுப்பினச் சாரதியானார். பெண்களில் ஜனெட் குத்ரி 1977 இல் டேட்டோனா 500 பந்தயத்தில் ஓடி 12 ஆம் இடம் பெற்றார். 2013 இல் டனிக்கா பட்றிக் அதே பந்தயத்தின் தகுதிச் சுற்றில் எல்லோரையும் முந்தி முதலிடத்திலிருந்து புறப்பட்டார். தலைமைப் பிரிவில் ஒரு பெண் வென்றதாக இன்னும் எழுத முடியவில்லை.

கேள்வி: மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் போனவரின் இடைவெளி முழுவதும் அழிந்துபோகிறதே, இது நியாயமா?
– வாசகர் ஒருவர், தம்பலகாமம்

பதில்: விபத்தோ, தடத்தில் உடைந்த துண்டோ இருக்கும்போது எல்லாரும் வேகம் குறைத்து முன்னோட்டக் காரின் பின்னால் வரிசைப்பட வேண்டும் என்பது பாதுகாப்புக்கான விதி; மீட்புக் குழுவினர் தடத்தில் நிற்கும்போது வேறு வழியில்லை. 2003 வரை மஞ்சள் கொடி விழுந்த பின்னும் கோடுவரை போட்டியிட்டு ஓடலாம் என்றிருந்த ஆபத்தான வழக்கத்தையும் அந்த ஆண்டு நிறுத்தினார்கள். ஆனால் 2004 இல் வந்த மேலதிகச் சுற்று விதியை நான் ஏற்கவில்லை. குறித்த தூரம் மஞ்சள் கொடியில் முடியக்கூடாது என்பதற்காக மேலும் சுற்றுகளைச் சேர்த்து ஓடவைக்கும்போது, களைத்த சாரதிகளும் தேய்ந்த டயர்களும் நெருக்கியடித்துக்கொண்டு புறப்பட்டு மீண்டும் மோதுகிறார்கள். 500 மைல் என்று அறிவித்தால் 500 மைலில் முடிப்பதே முறை.

கேள்வி: சீனக்குடாப் பக்கம் எவ்வளவோ வெளி கிடக்கிறது. இங்கே அப்படி ஒரு தடம் அமைத்தால் உல்லாசப் பயணிகளும் வருவார்கள், நமது பிள்ளைகளும் வீதியில் ஓடாமல் அங்கே ஓடுவார்களே?
– வர்த்தகர் ஒருவர், திருகோணமலை நகர்

பதில்: டேட்டோனாவைப் போன்ற ஒன்றை நினைக்கவே வேண்டாம். அந்த 31 பாகைச் சரிவை எழுப்புவதற்காகத் தடத்தின் நடுவில் தோண்டிய பள்ளமே இன்று ஓர் ஏரியாகக் கிடக்கிறது. சிறிதாக நினைத்தால் வழி உண்டு. நாஸ்காரின் பழைய தடங்கள் பல அரை மைல் சுற்றளவுள்ள களிமண் தடங்கள்தான்; அவற்றுக்குத் தார்கூட வேண்டியதில்லை. வாடைக்காற்று மழையின் சில மாதங்களைத் தவிர்த்தால் நமது காலநிலையும் ஒத்துவரும்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது டார்லிங்டனை நினைவில் வையுங்கள். ஹரோல்ட் பிரேசிங்டன் அந்தத் தடத்தை அமைக்க நிலம் வாங்கியபோது, நிலத்தின் பழைய உரிமையாளர் தனது மீன் குளத்தைத் தொடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். கொடுத்த வாக்குக்காகத் தடத்தின் ஒரு முனையை ஒடுக்கிக் கட்டினார்கள். முட்டை வடிவான அந்தத் தடத்தில் இரு முனைகளின் வளைவும் வேறுபடுவதால், ஒன்றுக்குப் பொருந்தும்படி காரைச் சரிசெய்தால் மற்றதில் அது பொருந்துவதில்லை. சாரதிகளை மிகவும் சோதிக்கும் தடமாக அது இன்றும் மதிக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். குளங்களுக்கும் வயல்களுக்கும் நடுவில் வாழும் நாம் அந்த வாக்குறுதியைப் பின்பற்றலாம்.

ஆனால் தடத்துக்கு முன்னால் வேலி வரவேண்டும். நம் நாட்டில் மோட்டார் பந்தயம் புதிதல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 இலிருந்து நடந்துவருகிறது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர்கள்மீது பாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள்; அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். உருக்குக் கம்பிகளால் தாங்கப்பட்ட வலைவேலி, வளைவின் வெளிப்புறத்தில் பார்வையாளரே நிற்க முடியாத வெறும் நிலம், தீயணைப்பு வாகனம், தயாராக நிற்கும் அம்புலன்ஸ், பந்தயத்தை எந்தக் கணத்திலும் நிறுத்தும் அதிகாரமுள்ள ஒரு பாதுகாப்பு அலுவலர் ஆகியவற்றுக்குப் பணமும் ஒப்புதலும் கிடைத்த பின்னர் நீங்கள் திட்டத்தைக் கொண்டுவந்தால், அதை ஆதரித்து இந்தப் பக்கத்தில் எழுதுவேன். அவை இல்லாமல் வெளி மட்டும் இருக்கிறது என்று தொடங்கினால் எதிர்த்து எழுதுவேன்.

கேள்வி: டேட்டோனா 500 பந்தயத்தை இங்கிருந்து நேரடியாகப் பார்ப்பதானால் எத்தனை மணிக்கு விழித்திருக்க வேண்டும்?
– மாணவர், கன்னியா

பதில்: தம்பி, பெப்ரவரியில் புளோரிடா நேரத்துக்கும் நமது நேரத்துக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே ஞாயிறு பிற்பகல் 2.30 அளவில் தொடங்கினால் இங்கே திங்கட்கிழமை அதிகாலை 1 மணி. மழை குறுக்கிட்டால் ஈரம் உலரும்வரை ஓடமாட்டார்கள் என்பதால் மணிக்கணக்கில் தள்ளிப்போகவும், அடுத்த நாளுக்கு மாறவும் கூடும். அன்று காலையில் பாடசாலை இருக்குமாகையால், முழுவதையும் பார்க்காமல் கடைசி ஐம்பது சுற்றுகளுக்கு எழுந்தால் போதும். அதிகாலை மூன்றரை மணிக்கு அலாரம் வையுங்கள்.